'பார்ட்டிஷன்' ஆகிவிட்டது என்று நோட்டீஸ் வந்தால் நிலம் பிரிந்துவிட்டது என்று அர்த்தமா?

குடவாசல் பக்கத்துக் கிராமம், பன்னிரண்டு மா (சுமார் நான்கு ஏக்கர்) நஞ்சை, ஒரு ஓட்டு வீடு. அப்பா 2011-இல் காலமானார், அம்மா 2015-இல். இரண்டு அண்ணன்கள், நீங்கள் ஒரே பெண், 1992-இல் திருமணம். பங்கு கேட்டதும் அண்ணன்களின் வக்கீலிடமிருந்து ஆங்கிலத்தில் நோட்டீஸ் வந்திருக்கிறது. அப்பாவும் இரண்டு மகன்களும் 1996-இல் ஒரு கூர்சீட்டு (யாருக்கு எந்தப் பாகம் என்று பதிவு செய்யாமல் குறித்துவைக்கும் தாள்) எழுதிக்கொண்டார்கள், அப்போதே குடும்பத்தில் 'செவரன்ஸ் ஆஃப் ஸ்டேட்டஸ்' ஏற்பட்டு 'பார்ட்டிஷன்' முடிந்துவிட்டது, எனவே நீங்கள் கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்கிறது அது. அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் பிரிவு, பிரிவினை என்றுதான் போட்டிருக்கிறது, இரண்டும் ஒன்றுதானா என்று கேட்கிறீர்கள். நீங்கள் கேட்பது சொல்லுக்கு அர்த்தம். ஆனால் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு. அப்பாவும் அண்ணன்களும் எழுதிக்கொண்ட ஒரு தாள் உங்கள் பங்கை இல்லாமல் ஆக்கிவிட்டதா என்பதுதான் அது. அதற்கே பதில் சொல்கிறேன். சொல்லின் பொருள் தெரியாமல் அந்தப் பதிலும் புரியாது என்பதால் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

கும்பகோணம், திருவாரூர் பக்கத்து நீதிமன்றங்களில் பல வருடங்களாகப் பாகப்பிரிவினை வழக்குகள் நடத்தி வருகிறேன். இந்த நோட்டீஸில் இருப்பது போன்ற வாசகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் கூர்சீட்டை நான் பார்க்கவில்லை, தாய்ப் பத்திரத்தையும் பார்க்கவில்லை. அதனால் சட்டம் திட்டவட்டமாகச் சொல்வதை உறுதியாகச் சொல்கிறேன்; காகிதத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்கிற இடங்களில் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

ஊரில் 'பார்ட்டிஷன்' என்றால் கூடத்துக்கு நடுவே பலகை அடித்து இரண்டு அறை ஆக்குவது. கம்ப்யூட்டர்காரருக்கு அது ஹார்ட் டிஸ்கைப் பகுதி பகுதியாகப் பிரிப்பது. செய்தித்தாளில் வந்தால் 1947. இவை எதுவும் உங்கள் நோட்டீஸைத் தொடாது. இந்துக் குடும்பச் சொத்து வழக்கில் அந்தச் சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. நோட்டீஸ் எழுதியவர் முதல் பொருளில் தொடங்கி, இரண்டாவது நடந்ததாகச் சொல்லி, மூன்றாவதற்கு உரிய பலனைக் கேட்கிறார். மூன்றும் ஒன்றல்ல.

முதல் பொருள்தான் செவரன்ஸ் ஆஃப் ஸ்டேட்டஸ். மிதாட்சரம் என்ற பழைய இந்துச் சட்ட முறைப்படி கூட்டுக் குடும்பத்தில் பிறந்த பங்காளிகளுக்குச் சொத்தில் 'இது இன்னாருடையது' என்று தனிப் பங்கு கிடையாது. எல்லாமே எல்லோருக்கும். ஒருவர் இறந்தால் அவர் பங்கு மற்ற பங்காளிகளோடு கலந்துவிடும் என்பதுதான் பழைய விதி. இந்த நிலையிலிருந்து ஒருவர் விலக வேண்டுமானால் நிலத்தில் வரப்புப் போட வேண்டியதில்லை, மற்றவர்கள் சம்மதிக்க வேண்டியதும் இல்லை. 'நான் தனியாகப் போகிறேன்' என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தீர்மானித்து, அதை மற்றவர்களுக்குத் தெரிவித்தால் போதும். அந்த நொடியிலிருந்து அவருக்கு இத்தனையில் ஒரு பங்கு என்று கணக்கு வந்துவிடுகிறது. 1916-இல் கிரிஜா பாய் வழக்கில் இங்கிலாந்தின் பிரிவி கவுன்சில் இதைச் சொன்னது. மனதுக்குள் நினைத்தால் மட்டும் போதாது, அது மற்றவர்களை எட்ட வேண்டும் என்று 1963-இல் ராகவம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் அழுத்தமாகச் சொன்னது.

இதில் 1968-இல் தீர்ப்பான புட்டரங்கம்மா வழக்கை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வேன். மைசூர் பக்கத்துக் குடும்பம். பெரியவர் நோயில் படுத்திருக்கிறார், மகன் இல்லை, மகள்கள்தான். பழைய விதிப்படி அவர் கூட்டில் இருக்கும்போதே இறந்தால் மகள்களுக்கு ஒன்றும் கிடைக்காது. பாகம் கேட்டு நோட்டீஸ் அனுப்புகிறார், அது தபாலிலிருந்தே திரும்ப எடுக்கப்படுகிறது, வழக்குத் தாக்கலான சமயத்தில் அவரும் இறந்துவிடுகிறார். ஆனால் அவர் பிரிய முடிவெடுத்ததும் நோட்டீஸ் அனுப்பியதும் குடும்பத்தாருக்குத் தெரிந்திருந்தது. அதனால் அவர் இறக்கும் முன்பே பிரிந்துவிட்டார் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது, மகள்கள் வழக்கைத் தொடர்ந்து வென்றார்கள். ஒரு சென்ட் நிலம்கூட அளக்கப்படவில்லை. ஆனாலும் செவரன்ஸ் நடந்துவிட்டது. அந்தச் சொல்லின் எல்லை அவ்வளவுதான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு எனக்குத் தெரியாது. குடும்பம் கூட்டுக் குடும்பமாக இருக்கும் நிலை முடிந்தது, பங்கின் அளவு நிலைத்தது, அவ்வளவே. எந்த வயல் யாருக்கு என்ற கேள்வி அப்படியேதான் இருக்கும்.

செவரன்ஸ் அல்லாததையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் டெல்டாவில் தடுமாற்றம் அதிகம் வருவது இங்கேதான். மூத்தவர் கல்யாணமானதும் தனிக்குடித்தனம் போய்விட்டார், அடுப்பு வேறாகிவிட்டது என்பது மட்டும் பிரிவினை ஆகாது. 'மேலண்டை வயல் பெரியவன் பார்க்கிறான், வாய்க்காலுக்குக் கீழே இருப்பது சின்னவன்' என்று சாகுபடியைப் பகிர்ந்துகொள்வதும் அப்படித்தான். ஜூனில் மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்தால் நாற்று விட ஆள் வேண்டும், ஒருவர் வெளியூரில் வேலையில் இருக்கிறார், இன்னொருவர் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகப் பார்க்க முடியாது, அதனால் பிரித்துக்கொள்கிறார்கள். இதை நீதிமன்றம் வசதிக்காகச் செய்துகொண்ட அனுபவ ஏற்பாடு என்றுதான் பார்க்கும். விவசாயக் கடன் வாங்கத் தனித்தனியாக அடங்கல் (யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்ற கிராமக் கணக்கு) எடுத்ததும் தன்னளவில் பிரிவினைக்குச் சாட்சி ஆகாது. நோட்டீஸில் 'தனித்தனியாக அனுபவித்து வருகிறார்கள்' என்ற வரி வருவது இதனால்தான். அதை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கும் வந்துவிட வேண்டாம்.

இரண்டாவது பொருள், சொத்தையே பிரிப்பது. ஆங்கிலத்தில் 'மீட்ஸ் அண்ட் பவுண்ட்ஸ்' என்பார்கள், நம் பத்திரங்களில் நான்கு பக்க எல்லையைச் சொல்லும் செக்குபந்தி எழுதி, ஏ ஷெட்யூல், பி ஷெட்யூல் என்று ஆளுக்கொன்றாக ஒதுக்கி, 'இன்று முதல் அவரவர் பாகத்தை அவரவர் சர்வ சுதந்திரமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று முடிப்பார்கள். இது நடந்த பிறகுதான் ஒரு வயலைக் காட்டி 'இது என்னுடையது' என்று சொல்ல முடியும். வாய்மொழியாகவும் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம் என்பதைப் பழைய சட்டம் ஏற்றுக்கொண்டிருந்தது. வாய்மொழியாக முன்பே முடிந்துபோன ஒன்றை நினைவுக்காகப் பட்டியலிட்டு எழுதி வைத்தால் அதற்குப் பதிவு வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தாளே பிரிவினையை உண்டாக்குகிறது என்றால், அதாவது 'இதன் மூலம் பிரித்துக்கொள்கிறோம்' என்று இருந்தால், கட்டாயம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவாகாத தாளை வைத்து எந்த வயல் யாருக்கு என்று நிரூபிக்க முடியாது. முத்திரைத் தீர்வையும் அபராதமும் கட்டி, குடும்பம் அந்தத் தேதியில் பிரிந்ததா என்பது போன்ற பக்க விஷயத்துக்கு மட்டும் அதைக் காட்டலாம். அதனால்தான் உங்கள் அண்ணன்களின் வக்கீல் 'செவரன்ஸ்' என்ற சொல்லை முன்னால் நிறுத்தியிருக்கிறார் என்று நினைக்கிறேன். பதிவாகாத கூர்சீட்டை வைத்து அவரால் உறுதியாகத் தொட முடிகிற இடம் அதுதான். அதில் தவறு ஒன்றும் இல்லை, தன் கட்சிக்காரருக்காக அவர் செய்ய வேண்டிய வேலை அது. நீங்கள் அந்தச் சொல்லை அதன் அளவுக்கு மேல் எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.

மூன்றாவது பொருள்தான் உங்கள் வழக்கில் தலையெழுத்தைத் தீர்மானிப்பது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவை மாற்றி எழுதி, மகளையும் மகனைப் போலவே பிறப்பால் பங்காளி ஆக்கியது. அதே பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது: 2004 டிசம்பர் 20-க்கு முன்பே நடந்து முடிந்த பார்ட்டிஷனை இது தொடாது. மசோதா மாநிலங்களவைக்கு வந்த நாள் அது. மகளுக்குப் பங்கு வரப்போகிறது என்று தெரிந்ததும் அவசரமாகப் பாகம் பிரித்துவிடக் கூடாது என்பதற்காக அந்தத் தேதியை வைத்தார்கள். அதோடு நிற்கவில்லை. அந்தப் பிரிவுக்கு ஒரு விளக்கம் சேர்த்து, இங்கே பார்ட்டிஷன் என்றால் பதிவுச் சட்டப்படி முறையாகப் பதிவு செய்த பிரிவினைப் பத்திரத்தின் மூலம் நடந்தது, அல்லது நீதிமன்றத் தீர்ப்பாணையின் மூலம் நடந்தது, இந்த இரண்டு மட்டுமே என்று சட்டமே வரையறுத்துவிட்டது. முன்பு செவரன்ஸையும், வாய்மொழிப் பிரிவினையையும், பத்திரத்தையும் ஒன்றாக அணைத்துக்கொண்டிருந்த அதே சொல் இந்த இடத்தில் மிகவும் குறுகிவிட்டது. மகளின் பங்கைத் தடுக்க வேண்டுமானால் இந்தக் குறுகிய வாசல் வழியாகத்தான் வர வேண்டும்.

இதைப் பற்றிய சந்தேகங்களை உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2020 ஆகஸ்ட் 11-இல் வினீதா சர்மா வழக்கில் தீர்த்துவைத்தது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்றது. வாய்மொழியாகப் பாகம் பிரித்துவிட்டோம் என்ற வாதத்தைச் சாதாரணமாக ஏற்கக் கூடாது என்றும் சொன்னது. ஒரு சிறு கதவை மட்டும் திறந்து வைத்தது. வாய்மொழிப் பிரிவினைக்கு அரசு ஆவணங்களின் பலமான ஆதரவு இருந்து, நீதிமன்றத் தீர்ப்பாணை மூலம் நடந்ததற்கு இணையாக அது முழுமையாக வெளிப்பட்டிருந்தால், விதிவிலக்காக ஏற்கலாம். வெறும் வாய்ச் சாட்சியை ஒரேயடியாக நிராகரிக்க வேண்டும். உங்கள் அண்ணன்கள் அந்தக் கதவைத் தட்டுவார்கள் என்பது என் எதிர்பார்ப்பு. 1996-க்குப் பிறகு உட்பிரிவு செய்து தனித்தனிப் பட்டா மாற்றியிருக்கிறார்களா, நில அளவை வரைபடமான புலப்படத்தில் கோடு விழுந்திருக்கிறதா, கிஸ்தி என்ற நில வரி ரசீது யார் பெயரில் போகிறது, யாராவது தன் பாகம் என்று சொல்லி வங்கியில் அடமானம் வைத்துப் பதிவு செய்திருக்கிறார்களா என்பதெல்லாம் அங்கே கேள்வியாகும். இன்னும் கூட்டுப் பட்டாவாகவே இருந்தால் அவர்கள் வாதம் மிகவும் இளைத்துவிடும். தனிப் பட்டாவாக இருந்தாலும் பட்டா என்பது உரிமைப் பத்திரம் அல்ல, துணைச் சாட்சிதான். 1979-இல் தொடங்கிய, நில ஆவணங்களைப் புதுப்பிக்கும் யுடிஆர் பணியின்போது களத்தில் யார் பயிர் வைத்திருந்தார்களோ அவர் பெயரே ஏறிய வயல்கள் இந்தப் பக்கம் எத்தனையோ உண்டு. இந்தக் கேள்வியில் இரண்டு பக்கமும் வாதிட இடம் இருக்கிறது. தீர்ப்பு இப்படித்தான் வரும் என்று இங்கிருந்து சொன்னால் அது பொய்யாகிவிடும்.

ஆனால் உங்களுக்குச் சாதகமாக இன்னொரு சட்டம் இருக்கிறது. அதை யாரும் உங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை. மத்திய அரசு 2005-இல் செய்ததைத் தமிழ்நாடு 1989-இலேயே செய்துவிட்டது. மாநிலத் திருத்தச் சட்டம் 1989 மார்ச் 25 முதல் மகளைப் பங்காளி ஆக்கியது. அந்தத் தேதிக்கு முன்பே திருமணமான மகள்களுக்கு மட்டும் அது பொருந்தாது என்று வைத்தது. பல குடும்பங்களில் அக்காவுக்கு இல்லாத உரிமை தங்கைக்கு இருந்ததற்கு அதுவே காரணம். பின்னால் வந்த மத்தியத் திருத்தத்தில் திருமணம் என்ற நிபந்தனையே இல்லை. உங்களுக்குத் திருமணம் 1992-இல். அதாவது 1989 மார்ச் 25 அன்று நீங்கள் மணமாகாத மகள். அந்த நாளிலேயே நீங்கள் அப்பாவோடும் அண்ணன்களோடும் சமமான பங்காளி ஆகிவிட்டீர்கள். அப்படியானால் 1996-இல் நான்கு பங்காளிகளில் மூன்று பேர் உட்கார்ந்து நான்காமவரை விட்டுவிட்டுக் கூர்சீட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரு பங்காளியை விட்டுவிட்டுச் செய்த பிரிவினை அவரைக் கட்டுப்படுத்தாது. 2005 சட்டத்தின் தேதிகளுக்குப் போவதற்கு முன்பே இது நிற்கிறது. உங்கள் வழக்கறிஞர் இந்தப் புள்ளியை முதலில் வைக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து.

சரி, எல்லாமே உங்களுக்கு எதிராகப் போனால் என்ன ஆகும்? அதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள், மனதுக்குத் தைரியம் வரும். நம் பக்கக் கணக்கில் 100 குழி ஒரு மா, மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர், ஆக உங்கள் பன்னிரண்டு மா என்பது நான்கு ஏக்கர். 1996 பிரிவினை முழுக்கச் செல்லும் என்றே வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கும் இரண்டு அண்ணன்களுக்கும் தலைக்கு நான்கு மா. அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால் அவருடைய நான்கு மா அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு மாவாக இறங்கும். மகள் முதல் வகுப்பு வாரிசு என்பது 1956-லிருந்தே இருக்கும் சட்டம், அதற்கு எந்தத் திருத்தமும் தேவையில்லை. அம்மாவின் ஒரு மா பிறகு மூன்று பேருக்கும் சமமாகப் போகும். ஆக மிக மோசமான நிலையிலும் உங்களுக்கு ஒரு மாவும் 33 குழியும் உண்டு. 1996 செல்லாது என்று ஆனால் அப்பாவோடு சேர்த்து நான்கு பங்காளிகள், தலைக்கு மூன்று மா. அப்பாவின் மூன்று மா மறுபடி நால்வருக்கு, அதில் அம்மாவின் பங்கு மூவருக்கு. கூட்டிப் பார்த்தால் உங்களுக்குச் சரியாக நான்கு மா வரும், மூன்றில் ஒரு பங்கு. 'கேட்பதற்கு ஒன்றும் இல்லை' என்ற நோட்டீஸ் வாசகம் எந்தக் கணக்கிலும் சேராது. அப்பா தன் பங்கை உயிலாகவோ செட்டில்மெண்டாகவோ அண்ணன்களுக்கு எழுதியிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். நோட்டீஸில் அப்படி ஒன்றைப் பற்றிப் பேச்சே இல்லை என்கிறீர்கள். இருந்திருந்தால் அதைத்தான் முதல் வரியில் எழுதியிருப்பார்கள்.

இத்தனை நேரம் நிலம் கூட்டுக் குடும்பச் சொத்து என்று வைத்துக்கொண்டே பேசினேன். அதையும் சரிபார்க்க வேண்டும். தாத்தா காலத்து நிலம் என்றால் ஊரில் எல்லாவற்றையும் பூர்வீகம் என்போம். சட்டத்துக்கு அது போதாது. தாத்தா தானே சம்பாதித்த நிலமாக இருந்து, 1956 ஜூன் 17-இல் வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு அவர் உயில் இல்லாமல் இறந்திருந்தால், அது உங்கள் அப்பாவுக்கு அவருடைய தனிச் சொத்தாகத்தான் வந்திருக்கும். 1986-இல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. அப்படி இருந்தால் அப்பா உயிரோடு இருந்தவரை உங்களுக்கும் பங்கு இல்லை, அண்ணன்களுக்கும் பிறப்பால் பங்கு இல்லை. 1996-இல் செவரன்ஸ் என்ற பேச்சுக்கே இடம் இல்லாமல் போய்விடும், பிரிந்து போக அங்கே கூட்டு நிலையே இருந்திருக்காது. பதிவாகாத தாள் மூலம் அப்பாவின் தனி நிலம் மகன்களுக்கு மாறவும் முடியாது. கடைசியில் அப்போதும் மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது, வழிதான் வேறு. ஆனால் வழக்கில் எந்த வழியில் கேட்கிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே சரியாக எழுதியாக வேண்டும். தாத்தா இறந்த வருடமும், நிலம் அவருக்கு எப்படி வந்தது என்ற பத்திரமும் அதனால்தான் அவசியம். இந்தப் பகுதியில் கோயிலுக்கும் ஆதீனத்துக்கும் சொந்தமான நிலம் நிறைய. வீடு இருக்கும் மனை அப்படிப்பட்டதாக இருந்தால் அங்கே பங்கு போடுவது நில உரிமையை அல்ல, கட்டடத்தையும் குடியிருப்பு உரிமையையும்தான்.

கால வரம்பு பற்றிக் கொஞ்சம் கவலையோடு சொல்கிறேன். கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து ஒருவரை ஒதுக்கிவைத்தால், தான் ஒதுக்கப்பட்டது அவருக்குத் தெரிந்த நாளிலிருந்து பன்னிரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்கிறது 1963-ஆம் ஆண்டுக் கால வரம்புச் சட்டம். சும்மா அனுபவத்தில் இல்லாமல் இருப்பது ஒதுக்கல் ஆகாது. ஒரு பங்காளியின் அனுபவம் எல்லாருடைய அனுபவமும்தான் என்பதே பொது விதி, உன் உரிமையை மறுக்கிறேன் என்று வெளிப்படையாகக் காட்டியிருக்க வேண்டும். அதனால் பதில் நோட்டீஸில் ஆத்திரத்தில் 'இருபத்தைந்து வருடமாக என்னை நிலத்துப் பக்கமே அண்டவிடவில்லை' என்று எழுதிவிடாதீர்கள். நடந்தது அதுதான் என்றால் மறைக்கச் சொல்லவில்லை, உங்கள் வழக்கறிஞரிடம் முழுதாகச் சொல்லுங்கள். நடக்காத ஒன்றைக் கோபத்தில் எழுதினால் கால வரம்பிலும் அடி விழும், நீதிமன்றக் கட்டணமும் கூடும். கூட்டு அனுபவத்தில் இருப்பவர் கட்டும் கட்டணம் சொற்பம், அனுபவத்திலிருந்து விலக்கப்பட்டவர் தன் பங்கின் சந்தை மதிப்பின் மேல் கட்ட வேண்டும். அண்ணன்கள் அறுவடைக்கு அறுவடை அரிசியோ பணமோ உங்கள் பங்காக அனுப்பியிருந்தால் அதற்கான வங்கி வரவு, செல்போன் செய்தி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பொங்கல் சீர் வேறு, அது பிறந்த வீட்டுப் பாசம். அதை மகசூல் பங்கு என்று காட்டினால் குறுக்கு விசாரணையில் நிற்காது.

வழக்கு என்று போனால் 'பார்ட்டிஷன் அண்ட் செபரேட் பொசஷன்' என்று கேட்பார்கள், அதாவது பிரித்து, பிரித்ததைத் தனியாக என் கையில் ஒப்படை என்று. முதலில் வருவது முதல்நிலைத் தீர்ப்பாணை, உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று அறிவிப்பதோடு அது முடிந்துவிடும். இந்த இடத்தில் வழக்கு ஜெயித்துவிட்டது என்று இனிப்பு கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன், பத்து வருடம் கழித்தும் வயல் அண்ணன் கையிலேயே இருக்கும். இறுதித் தீர்ப்பாணைக்குத் தனியே மனு போட்டு, வழக்கறிஞர் ஆணையர் நில அளவரோடு வயலில் இறங்கி அளந்து வரைபடம் கொடுத்து, ஆட்சேபணை கேட்டு, அதற்குப் பிறகுதான் இறுதித் தீர்ப்பாணை. அதையும் முத்திரைத்தாளில் எழுதி வாங்க வேண்டும். இறுதித் தீர்ப்பாணை கேட்பதற்குக் கால வரம்பு கிடையாது. முதல்நிலைத் தீர்ப்பாணை கொடுத்த நீதிமன்றம் தானாகவே அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கட்டளையே இட்டிருக்கிறது. ஆனாலும் நீங்கள் பின்னால் நின்று நடத்தினால்தான் நடக்கும்.

ஆணையர் வரும் நாளில் நீங்களோ உங்களுக்காக நிலம் தெரிந்த ஒருவரோ வரப்பில் நிற்க வேண்டும். குழி கணக்குச் சரியாக இருந்தால் பங்கு சரியாகிவிடாது. மதகுக்குப் பக்கத்து நான்கு மாவும் வாய்க்கால் கடைசியில் இருக்கும் நான்கு மாவும் ஒன்றா? மதகடியில் குறுவையும் தாளடியும் எடுக்கலாம், கடைசி வயலில் பல வருடம் ஒரு சம்பாவோடு சரி. ஆழ்குழாய் எந்த வயலில் இருக்கிறது, களத்துமேடு யார் பக்கம் போகிறது, டிராக்டர் இறங்க வழி எது, அடுத்தவர் வயல் வழியாகப் பாயும் தண்ணீருக்கு உரிமை எழுதியிருக்கிறதா, எல்லாம் ஆணையர் அறிக்கையில் வர வேண்டும். மதிப்பில் கூடுதலான பாகத்தை எடுப்பவர் மற்றவருக்குப் பணமாகக் கொடுத்து ஈடுகட்டும்படியும் நீதிமன்றம் செய்யலாம். வயலில் பதிவு பெற்ற குத்தகைதாரர் இருந்தால் உங்கள் குடும்பப் பிரிவினையால் அவர் உரிமை அசையாது, அவரோடு சேர்த்துத்தான் அந்தப் பாகம் உங்களுக்கு வரும்.

வீட்டைப் பற்றி ஒரே வரி கேட்டிருந்தீர்கள். ஆண் வாரிசுகள் பிரிக்க விரும்பும் வரை குடியிருக்கும் வீட்டில் பெண் பாகம் கேட்க முடியாது என்ற பழைய 23-ஆவது பிரிவு 2005-இல் நீக்கப்பட்டுவிட்டது. திண்ணை, முற்றம், கொல்லை என்று நீளவாக்கில் போகும் நம் ஊர் வீட்டை மூன்றாக வெட்டினால் யாருக்கும் உபயோகப்படாது என்பது உண்மைதான். அதற்கு 1893-ஆம் ஆண்டுப் பிரிவினைச் சட்டம் இருக்கிறது. பாதி அல்லது அதற்கு மேல் பங்குள்ளவர்கள் கேட்டால் விற்றுப் பணமாகப் பிரிக்கச் சொல்லலாம், மற்றவர் அந்தப் பங்கை மதிப்புப் போட்டுத் தானே வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொல்லலாம். பெரும்பாலும் அண்ணன்கள் வீட்டை வைத்துக்கொண்டு தங்கைக்கு வயலில் கூட்டிக் கொடுப்பதுதான் எல்லாருக்கும் ஒத்துவரும்.

கடைசியாக, பெரிய அண்ணன் 'சும்மா ஒரு ரிலீஸ் கையெழுத்து' கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். விடுதலைப் பத்திரம் பதிவாகிவிட்டால் அது உங்கள் பங்கை அவருக்கு விட்டுக்கொடுத்தது, பிறகு மேலே சொன்ன எந்தச் சட்டமும் உதவிக்கு வராது. அவர் பக்கத்து வக்கீல் உங்களுக்கு உரிமையே இல்லை என்று எழுதும்போது அண்ணன் விடுதலைப் பத்திரம் கேட்கிறார் என்றால், உரிமை இருப்பது அவருக்கும் தெரிகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அவர்மேல் பாசம் இருந்து, மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்க நினைத்தால் அது உங்கள் விருப்பம், யாரும் குறை சொல்ல முடியாது. இல்லையென்றால் மூவரும் சேர்ந்து பதிவு செய்யும் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்குக் கூப்பிடுங்கள், வழக்கைவிடச் செலவும் குறைவு, அண்ணன் தங்கை முகம் பார்த்துப் பேசவும் வழி இருக்கும். அதற்கு முன் வில்லங்கச் சான்று, அ-பதிவேடு, சிட்டா, புலப்படம், தாத்தாவின் இறப்புச் சான்று, உங்கள் திருமணத் தேதிக்கான ஆதாரம் இவற்றை எடுங்கள். கூர்சீட்டின் நகலை அனுப்பச் சொல்லிப் பதில் நோட்டீஸிலேயே கேளுங்கள். 'செவரன்ஸ் ஏற்பட்டதை ஒப்புக்கொள்ளவில்லை, அப்படியே இருந்தாலும் அது என்னைக் கட்டுப்படுத்தாது' என்ற வாசகம் அந்தப் பதிலில் இருக்க வேண்டும். நோட்டீஸில் எத்தனை நாள் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அந்தத் தேதிக்குள் திருவாரூரிலோ கும்பகோணத்திலோ ஒரு சிவில் வழக்கறிஞரை இந்தக் காகிதங்களோடு நேரில் பாருங்கள்.